புண்பட்ட உயிரும் ஆற்றும் நெறியும்

உலகின்கண் உயிர்கள் துன்புறுதற்குக் காரணம் யாதென்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயது. அதற்குச் சைவ சித்தாந்தம் கூறும் விடை அன்பர் அனைவரும் அறிந்ததேயாம். ஆணவ மறைப்பிற் கிடந்த உயிர், மாயையின் காரியமாகிய உடம்பு முதலியவற்றைப் பெற்று, தான் செய்த இருவினைப் பயனை இறைவன் கூட்டக் கூடி நுகர்ந்து, அந்நுகர்ச்சியால் மலவலி தேய்ந்து வீடடைதற்குரியதாகும் என்பதே அது. இவ்வுண்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயின், இதனை நூலிற் கற்றல் வேறு. கொடுமையாற் புண்பட்டு நம்மெதிரே வந்து நிற்கும் ஒருவர்க்கு இதனை எடுத்துரைத்தல் வேறு. "எல்லாம் உன் வினைப்பயன்" என்று அவரை நோக்கிக் கூறுதல் தகுமா? கூறின், அது நூற்பொருளை உள்ளவாறு உரைத்ததாகுமா, அன்றித் திரித்துரைத்ததாகுமா? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதனை வெறுந் தருக்கமாக ஆராயாது, உலகறிந்த ஒரு நிகழ்ச்சியை முன்னிறுத்தி ஆராய்தல் பயன்தருவதாம். அது நிகழ்ந்தது நம் நாட்டிலன்று. வடவமெரிக்கக் கண்டத்துக் கனடா நாட்டிலாகும்.

அந்நாட்டிற்கு ஐரோப்பியர் செல்லுதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஆங்குப் பற்பல குடியினர் வாழ்ந்து வந்தனர். அவர்கட்குத் தத்தமக்குரிய மொழிகளும், வழிபாடுகளும், சான்றோர் மரபும் இருந்தன. 1876-ஆம் ஆண்டில் அந்நாட்டரசினர் 'இந்தியர் சட்டம்' என்பதொன்றை இயற்றி, அக்குடியினரைத் தம் காவலின் கீழ்ச் சிறாரைப் போல வைத்தனர். 1884-இல் அச்சட்டத்தைத் திருத்தி, மேலைக் கடற்கரைக் குடிகளின் 'பாட்லாட்ச்' என்னும் கொடைவிழாவைக் குற்றமாக்கினர். அத்தடை 1951-ஆம் ஆண்டுத் திருத்தத்தினாற்றான் நீங்கிற்று. இவற்றினுங் கொடியது யாதெனின், அக்குடிகளின் மக்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளிற் சேர்த்ததேயாம். அரசினர் பொருள் நல்கக் கிறித்துவ சபையார் அப்பள்ளிகளை நடத்தினர். 1920-ஆம் ஆண்டுத் திருத்தம் சிறாரை அங்கு அனுப்புதலைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அரசினர்க்கு அளித்தது. ஏறக்குறைய 1,50,000 சிறார் அப்பள்ளிகளில் வாழ நேர்ந்தது. அவர்தம் தலைமயிர் களையப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசினோர் ஒறுக்கப்பட்டனர். பலர் அடியுண்டனர், சொல்லத் தகாத இழிசெயல்கட்கும் பலர் ஆளாயினர். பீட்டர் பிரைஸ் என்னும் அரசாங்க மருத்துவ அதிகாரி, அப்பள்ளிகளில் காசநோயாற் சிறார் மிகுதியாக மாண்டமையை 1907-இலேயே அறிக்கையில் வெளியிட்டார். கேட்பார் இலர். அப்பள்ளிகளில் இறுதியானவை மூடப்பட்டது 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலாகும்.

2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்பு வேண்டினார். உண்மையை ஆராய்தற்கு அமைந்த ஆணையம், முர்ரே சின்க்ளேர் என்னும் முதுகுடி நீதிபதியின் தலைமையில் ஊரூராகச் சென்று 6,500-க்கு மேற்பட்டோரின் வாய்மொழிகளைக் கேட்டு, 2015-இல் தன் முடிவை வெளியிட்டது. பள்ளிகளில் இறந்த சிறாரின் பதிவு அப்போதே ஏறக்குறைய 3,200 ஆக இருந்தது. கத்தோலிக்க சபைத் தலைவர் போப் பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆல்பர்ட்டா மாகாணத்து மஸ்குவாசிஸ் என்னுமூரிற் சென்று மன்னிப்பு வேண்டினார்.

பள்ளிகள் மூடப்பட்டன, புண் மூடவில்லை. அங்கிருந்து மீண்டவர் பலர் மதுவுக்கு அடிமையாயினர். தாயன்பு இன்னதென அறியாது வளர்ந்தோர் தம் மக்கட்கு அதனைக் காட்டுமாறு அறியாராயினர். பள்ளியைக் காணாத பேரப்பிள்ளைகளிடத்தும் அவ்விருள் படர்ந்தது. உயிர்க்கு வரும் இத்தகைய ஊறுபாட்டினையே ஈழத்துத் தமிழர் 'மனவடு' என்று வழங்குவர். மேனாட்டு உளமருத்துவர் இதன் ஒருவகையை 1980-ஆம் ஆண்டில் நோய்வகையுள் ஒன்றாக வகுத்தனர். லக்கோட்டாக் குடியிற் பிறந்த மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட் என்னும் அம்மையார், ஒரு குடியின்மேல் வழிவழியாகச் சுமத்தப்பட்ட கொடுமைகளின் திரண்ட புண்ணை 'வரலாற்று மனவடு' எனக் கொண்டு, அதனை எதிர்கொள்ளல், உணர்ந்து கொள்ளல், துயரை வெளிவிடல், அதனைக் கடத்தல் என நால்வகைப் படியான் ஆற்றும் முறையினை வகுத்தார். இவை நான்கென்னும் எண் ஒன்றே பற்றிச் சரியை முதலிய நாற்பாதங்களோடு இணைத்து மகிழ்தல் நமக்குத் தகாது. அவை வேறு, இவை வேறு.

இனி, அக்குடியினர் தம் புண்ணை ஆற்றிய முறையைச் சிறிது நோக்குவாம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஆல்கலி ஏரி என்னும் ஊரில் ஒருகாலத்து மதுவுண்ணாதாரைக் காண்டல் அரிதாயிருந்தது. 1972-இல் பில்லிஸ் செல்சி என்னும் பெண்மணி, தம் சிறு மகள் குடிகாரர் வீட்டிற்கு வாரேன் என மறுத்தமை கண்டு குடியை விட்டார். சின்னாளில் அவர் கணவர் ஆண்டி செல்சியும் விட்டார். பின்னர் அவர் ஊர்த்தலைவருமாயினார். ஒருவர் பின் ஒருவராக ஊரார் திருந்த, 1985-ஆம் ஆண்டளவில் அவ்வூரிற் பெரும்பாலார் மதுவை நீங்கினர். அவர்கள் மருத்துவ உதவியையும் கொண்டனர்; அதனோடு மறந்துபோன தம் முன்னோர் சடங்குகளையும் மீட்டனர். கொம்புகளை வளைத்துக் கட்டிப் போர்த்த சிறு குடிலின் இருளில், பழுக்கக் காய்ந்த கற்களின்மேல் நீர் வார்த்து, எழும் ஆவியினிடையே அமர்ந்து, பாடியும் வேண்டியும் தூய்மை பெறுதல் அவற்றுள் ஒன்று. அக்குடிலைத் தாயின் கருப்பை என்பர். அதனின்று வெளிவருதலை மறுபிறப்பெனக் கருதுவர்.

மேற்கூறிய ஆணையத்தின் அவைகளிலும் இவ்வழக்கம் கைக்கொள்ளப்பட்டது. அவை கூடுமிடத்திற் புனிதத் தீ வளர்க்கப்பட்டது. தம் துயரை எடுத்துரைத்து அழுதோரும், கேட்டழுதோரும் கண்ணீர் துடைத்த தாள்கள் குப்பையில் எறியப்படவில்லை. அவை திரட்டப்பெற்று அத்தீயில் இடப்பட்டன. அக்கண்ணீர் வழிபாட்டிற்குரிய பொருளாயிற்று என்க.

இவ்வகை ஆற்றுதலின் பயன் கண்கூடாக ஆராயப்பட்டதும் உண்டு. சாண்ட்லர், லலாண்ட் என்னும் உளநூற் புலவர் இருவர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறக்குறைய 200 முதுகுடிச் சமூகங்களில் 1987 முதல் 1992 வரை நிகழ்ந்த இளைஞர் தற்கொலைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். தன்னாட்சி, நிலவுரிமை முயற்சி, கல்வி, மருத்துவம், காவல் முதலியன, மரபு பேணும் இடம் என ஆறு குறிகளை அவர் கொண்டனர். அவ்வாறும் அமைந்த சமூகங்களில் அவ்வைந்தாண்டில் இளைஞர் ஒருவரும் தம்மை மாய்த்துக் கொள்ளவில்லை. ஒன்றும் அமையாத சமூகங்களில் அச்சாவு மிகப் பலவாயிருந்தது. ஒரு குடி தன் வாழ்வைத் தன் கையிற் பெறுதலும் அக்குடியின் இளைஞர் உயிர் தரித்தலும் தம்முள் தொடர்புடையன என்பது இதனாற் புலனாம்.

இங்ஙனம் ஆற்றுவோர் கைக்கொள்ளும் கொள்கைகளைத் தொகுத்துக் கூறின் அவை மூன்றாம். புண்பட்டாரை நோக்கி "உன்பால் உள்ள குறை யாது?" என்று வினவாது, "உனக்கு நேர்ந்தது யாது?" என்று வினவுதல் ஒன்று. அச்சமற்ற இடத்தை முதற்கண் அமைத்து, அவர் தாமாக வாய்திறக்குங் காறும் வற்புறுத்தாது காத்திருத்தல் மற்றொன்று. தம் மொழி, தம் நிலம், தம் உறவு, தம் வழிபாடு என்பவற்றோடு அவரை மீளவும் இணைத்தல் பிறிதொன்று. ஜூடித் ஹெர்மன் என்னும் மருத்துவ அம்மையார் 1992-இல் வெளியிட்ட நூலிலும், காவல், நினைந்து இரங்குதல், உலகோடு மீண்டும் இணைதல் என்னும் முறையே பேசப்படுகின்றது.

இவற்றைச் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குவாம்.

உயிர் தன்னியல்பிற் சத்துமன்று, அசத்துமன்று. சதசத்தாய்ச் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது. பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தை ஏற்றுத் தன்னொளி தோன்றாது நிற்றல்போல, உயிரும் தான் சார்ந்ததையே தானாகக் கண்டு நிற்கும். அங்ஙனமாயின், ஆறு வயதுச் சிறுவனொருவனைத் தாயினின்றும் பிரித்து, "உன் மொழி இழிந்தது, உன் முன்னோர் இழிந்தோர், உன் தெய்வம் பேய்" என்று பத்தாண்டு ஓதுவாரிடைச் சார்த்தினால், அவ்வுயிர் என்ன வண்ணமாகும்? "யான் இழிந்தவன்" என்னும் நிறத்தையே அது ஏற்கும். பின்னர் அவ்விடத்தை விட்டகன்றும் அந்நிறம் தன்னதென்றே எண்ணும். இதுவே மனவடு. இது உயிரின் இயல்பன்று, சார்பினால் வந்தது. ஆதலின், "உன்பால் உள்ள குறை யாது?" என்னும் வினா பிழையுடைத்து; "நீ எதனைச் சார நேர்ந்தது?" என்பதே தத்துவ நெறிக்கு ஒத்த வினாவாகும்.

இன்னும் ஒன்று. ஆணவம் என்றதும் செருக்கு என்றே பலரும் கருதுவர். அஃது அதன் ஒரு பகுதியே. வியாபகமாகிய உயிரை அணுத்தன்மைப்படுத்தலின் அதற்கு ஆணவம் என்பது பெயராயிற்று என்பது நூல்வழக்கு. ஆதலின், "யானே பெரியன்" எனத் தருக்குவிப்பது மாத்திரமன்று, "யான் ஒன்றுக்கும் பற்றாதவன்" எனச் சுருங்குவிப்பதும் அம்மலத்தின் செயலேயாம். சிவத்தோடு அத்துவிதமாதற்குரிய உயிர் தன்னைத் துரும்பினுங் கீழாக எண்ணுதல் பணிவாகாது. அடியார் பணிவு இறைவன் பெருமையை உணர்ந்தவழித் தோன்றுவது. இஃதோ பிறர் கொடுமையை உண்மையென நம்பியவழித் தோன்றுவது. இவ்விரண்டன் வேறுபாட்டை அறியாது, புண்பட்டாரின் தற்சிறுமையைப் பணிவெனப் பாராட்டுதல் பெரும் பிழையாம்.

இங்கு ஓர் ஐயம் நிகழும். வினை அவரவர்க்கே உரியது. தந்தை உண்ண மகன் பசி தீராதவாறு போல, ஒருவர் வினை மற்றொருவரைச் சாராது. அற்றாக, பாட்டன் பட்ட புண் பேரனைப் பற்றுமென்றல் யாங்ஙனம் கூடும் எனின், கூறுதும். வினை தந்தையினின்று மகனுக்குச் செல்லுதலில்லை, சார்பு செல்லும். அஞ்சி வளர்ந்த தந்தையைச் சார்ந்த மகன் அச்சத்தின் வண்ணமாகின்றான். பேசாதிருந்த தாயைச் சார்ந்த மகள் பேசாமையின் வண்ணமாகின்றாள். ஆதலின் வரலாற்று மனவடு என்பது நம் வினைக் கொள்கைக்கு மாறாகாது. வினை தனிப்பட்டது, சார்பு பொதுவாயது. சார்பினால் வந்தது சார்பினாலேயே நீங்கும் என்பதும் இதனாற் பெறப்படும். சிவஞானபோதம் பன்னிரு சூத்திரங்களுள் இறுதியது, ஞானம் பெற்ற பின்னும் அடியாரோடு கூடுதலை வற்புறுத்தியமை அன்பர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. ஞானியர்க்கே கூட்டுறவு வேண்டுமெனின், புண்பட்டார்க்கு அதன் இன்றியமையாமை சொல்லவும் வேண்டுமோ?

இனி, தொடக்கத்துக் கூறிய தலையாய வினாவிற்கு வருவாம். துன்பம் யாவும் வினைப்பயன் என்பது நம் துணிபு. அவற்றுட் பிற உயிர்களான் வருவதனை ஆதிபௌதிகம் எனப் பிரித்தும் கூறுப. அங்ஙனமாயின், அச்சிறார் பட்ட துன்பமும் அவர்தம் வினைப்பயனன்றோ? பயனாயின், அதனைக் கொடுத்தோர் வினையின் கருவிகளேயன்றிக் குற்றவாளிகள் ஆகார். புண்பட்டாரும் முறையிடற்கு உரியர் ஆகார் என்பார் உளராலோ எனின், அது பொருந்தாது. என்னை? மூன்று காரணத்தால் என்க.

முதலாவது, செய்தான் குற்றம் செய்யப்பட்டான் வினையான் நீங்காது. ஒருவன் அரசனுக்குக் கடன்பட்டுள்ளான் எனக் கொள்வோம். வழியில் ஒரு கள்வன் அவன் பொருளைப் பறித்துக்கொண்டு, "இவன் கடன்பட்டவனாதலின் யான் அரசன் ஏவலாளனே" என்று கூறின், அதனை ஏற்பார் யாவர்? கள்வன் தன் விருப்பாற் பறித்தான், அரசாணையாலன்று. அங்ஙனமே கொடியோன் தன் இச்சையானும் அறிவானும் தொழிலானும் செய்த செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பட்டவனுக்குப் பிராரத்தம் கழிந்தது என்பதனால் செய்தவனுக்கு ஆகாமியம் ஏறாதொழியாது. ஒரு நிகழ்ச்சியே ஒருவற்கு நுகர்ச்சியும் மற்றொருவற்கு ஈட்டமும் ஆதல் வினையியல்பு. ஆதலின் கனடாவின் ஆணையம் உண்மையை ஆராய்ந்ததும், அரசினர் பிழையை ஒப்புக்கொண்டதும் வினைக் கொள்கைக்கு மாறானவை அல்ல.

இரண்டாவது, இன்னார்க்கு இன்ன துன்பம் இன்ன வினையான் வந்ததென அறிதல் இறைவன் ஒருவற்கே உரியது. வினை சடமாதலின் தானே சென்று பொருந்தாது. உயிர் சிற்றறிவுடையதாதலின் தனக்குரிய வினையைத் தேர்ந்தெடுக்க மாட்டாது. ஆதலின் இரண்டையும் கூட்டுவிக்கும் முதல்வன் ஒருவன் வேண்டும் என்பதன்றோ நாம் இறைவன் உண்மையை நிறுவும் வழி? அங்ஙனம் நிறுவிய நாமே, பிறனொருவன் துன்பத்தைக் கண்டவுடன், "இஃது இவன் செய்த இன்ன பாவத்தின் பயன்" எனத் துணிந்துரைப்போமாயின், பதிக்கே உரிய அறிவைப் பசுவாகிய நாம் கவர்ந்துகொண்டேம் ஆவோம். வினைக்கொள்கை, ஒருவன் தன்னை நோக்கி, தன் துன்பத்திடை மனந்தளராது நிற்றற்கும், இனித் தீமை செய்யாமைக்கும் அருளப்பட்டது. அதனைப் பிறர்மேல் எறியுங் கல்லாக்குதல் நூலாசிரியர் கருத்தன்று.

மூன்றாவது, நம் மரபிற் சிறந்ததொரு சான்று உண்டு. திருநாவுக்கரசு நாயனார் சூலைநோயுற்று வருந்திய காலத்து, அந்நோய் யாரால் வந்ததென்பதை அவர் தமக்கையார் திலகவதியார் ஐயமற அறிந்திருந்தார். இறைவனே கனவிற்றோன்றி, சூலை கொடுத்து ஆட்கொள்வேம் என அருளினானென்பது பெரியபுராண வரலாறு. உலகில் வேறெவர்க்கும் கிட்டாத அவ்வறிவு அவர்பால் இருந்தது. இருந்தும், நள்ளிரவில் தம் அடிக்கண் வந்து வீழ்ந்த தம்பியை நோக்கி, "நீ செய்ததன் பயன் இது" என அவர் இடித்துரைத்தாரல்லர். எழுந்திருக்குமாறு கூறினார், ஐந்தெழுத்தோதித் திருநீறு நல்கினார், திருவதிகைத் திருக்கோயிலினுள் உடனழைத்துச் சென்றார். அங்கே தம் தாய்மொழியில் தம் துயரைத் தம் இறைவனிடம் முறையிட்டுப் பாடிய பின்னரே அரசர்க்கு நோய் நீங்கிற்று. உறவு, அச்சமற்ற இடம், முன்னோர் வழிபாடு, தன் மொழியில் எழுந்த பாட்டு என்னும் நான்கும் ஒருங்கமைந்தமை காண்க. நோயின் காரணத்தை இறைவன் வாயிற் கேட்டறிந்த திலகவதியாரே ஆற்றுதலை முன்வைத்தாரெனின், காரணம் ஒன்றும் அறியாத நாம் குற்றஞ் சாட்டுதலை முன்வைத்தல் எவ்வாறு தகும்?

அற்றேலஃதாக, அக்குடிகளின் ஆவிக்குடிலும், புகையும், முழவும் ஆகமநெறிக்குப் புறம்பாயினவன்றோ, அவற்றைச் சைவர் பாராட்டுதல் யாங்ஙனம் எனின், கண்ணப்ப நாயனார் வரலாற்றை நினைந்தால் விடை எளிதாம். சிவகோசரியார் கண்டு வருந்தியது உண்மை வருத்தமே, அவர் ஆகமம் உணர்ந்தவர், அன்பிற் குறைந்தவரல்லர். ஆயினும் இறைவன் அவரை நோக்கி வேடனைத் திருத்துமாறு கூறாது, மறைந்து நின்று அவனன்பைக் காணுமாறே பணித்தான். திருத்தப்பெற்றவர் வேடரல்லர்; சிவகோசரியாரே. இதனால் எல்லா வழிபாடும் ஒன்றே என்று கூறினேம் அல்லேம். சமயங்கள் படிமுறையின என்பதும், எவர் எத்தெய்வத்தை வழிபடினும் அவ்விடத்து வந்து பயனளிப்போன் சிவபெருமானே என்பதும் நம் கொள்கை. அதனையும் அளவறிந்து கூறல் வேண்டும். "உங்கள் வழிபாடு உண்மையில் எங்களதே" எனப் பிறர் சடங்கிற்கு நாம் பெயர் சூட்டப் புகுதலும் ஒருவகைக் கவர்தலே. அவர் பெயரை மாற்றிப் புண்படுத்திய பள்ளியாரும் தாம் அவ்வுயிர்களைக் காக்கின்றேம் என்றே பலவிடத்தும் நம்பினர். நன்னோக்கம் கொடுமையை நன்மையாக்காது என்பது இவ்வரலாறு எல்லாச் சமயத்தார்க்கும், நமக்கும், கற்பிக்கும் பாடமாகும்.

இனி, தனு கரண புவன போகங்கள் உயிர்க்கு எதற்காக அளிக்கப்பட்டன? ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு, ஞாயிறு தோன்றுங்காறும் உதவுதற்குரிய விளக்காக மாயை அமைந்தது என்பர் நம் ஆசிரியர். ஒரு குழந்தைக்குத் தாயின் மடியும், வீட்டு மொழியும், ஊர்ப்பாட்டும், பாட்டி சொல்லும் கதையும் அவ்விளக்கின் சுடர்களன்றோ? அவற்றைப் பறித்தல் இறைவன் ஏற்றிய விளக்கை அவித்தலாம். அவிந்த விளக்கை மீள ஏற்றுதல் விடியலாகாது. ஆயின் விடியுமளவும் அஃது இன்றியமையாதது. ஆற்றுதலுக்கும் வீட்டிற்கும் உள்ள தொடர்பு இதுவே. மனப்புண் ஆறியவன் அதனாலேயே மலம் நீங்கியவன் ஆகான். கட்டு இன்னும் உளது. ஆயினும், இரவில் உறக்கமின்றி நடுங்குவானொருவன் சரியையிற் புகுதலும், மனத்தை ஒருநெறிப்படுத்தலும் எங்ஙனம் இயலும்? மருத்துவத்தை ஞானமென மயங்குதலும் பிழை. ஞானத்தைக் காட்டி மருத்துவத்தை இகழ்தலும் பிழை. ஜோசப் கோன் என்னும் முதுகுடி உளநூலறிஞர் போல்வாரும், ஒரு மக்களின் இடர் முழுவதையும் வரலாற்றுப் புண் என்னும் ஒன்றிலடக்கி, இன்றும் தொடரும் வறுமையையும் முறைகேட்டையும் மறந்துவிடலாகாதென எச்சரித்துள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆற்றுதல் என்பது மறத்தலோ எனின், அன்று. முத்தியினும் ஆணவமலம் பொருளளவில் அழிவதில்லை. அதன் சத்தியே மடங்குகின்றது என்பது சித்தாந்தம். அதுபோல, ஆறிய புண்ணின் நினைவு அழிவதில்லை. நினைப்பவனை வருத்தும் அதன் வலியே அடங்குகின்றது. வடு நிற்கும், நோவு நில்லாது. லக்கோட்டா மக்கள், 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் வூண்டட் நீ என்னுமிடத்துத் தம் முன்னோர் கொல்லப்பட்ட வழியே, 1986 முதல் 1990 வரை ஆண்டுதோறும் கடுங்குளிரிற் குதிரையூர்ந்து சென்று, நூறாண்டு நிறைந்தபோது 'கண்ணீர் துடைத்தல்' என்னும் சடங்கினைச் செய்தனர். அவர்கள் நினைந்தே ஆறினர், மறந்து ஆறவில்லை.

இவையெல்லாம் கடல்கடந்த நாட்டு நிகழ்ச்சிகளென நாம் வாளாவிருத்தற்கு இடனில்லை. ஈழத்தில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் மனவடுவுற்ற சைவக் குடும்பங்கள் எண்ணிறந்தன. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், அப்புண் தனியொருவருக்கேயன்றிக் குடும்பத்திற்கும் ஊருக்கும் உரியதெனத் தம் நூல்களில் விளக்கி, அவரவர் சமயத்திற்கேற்ற மந்திர உருவேற்றல் முதலிய மரபு முறைகளையும் ஆற்றுதற்குத் துணையாகக் கொண்டார். இறந்தார்க்கு அந்தியேட்டி செய்து, கீரிமலையில் நீராடி, பிதிர்க்கடன் கழித்து ஆறுதல் நம் மரபு. காணாமற் போனான் ஒருவனின் தாய் இச்சடங்கைச் செய்வதெங்ஙனம்? செய்யின், மகன் இறந்தான் எனத் தானே முடிவு செய்தவளாவாள்; செய்யாதொழியின், கடன் கழியாது. சடங்கெனும் மருந்தே கையெட்டாத புண் அது. அத்தாய் ஒரு மடத்தின் வாயிலிலோ, ஒரு கோயிலின் வீதியிலோ நம்மை எதிர்ப்பட்டு, "ஐயா, என் பிள்ளைக்கு ஏன் இது நேர்ந்தது?" என வினவின், நாம் யாது கூறுவோம்?

"அம்மா, அதனை இறைவனே அறிவான், யான் அறியேன். உன் பிள்ளைக்குத் தீங்கு செய்தார் உளராயின், அவர் குற்றம் குற்றமே. நீ இங்கு அமர்; உன் பிள்ளையின் பெயரைச் சொல்; யாம் கேட்கின்றேம்" என்பதே சித்தாந்தம் அறிந்தார் கூறத்தக்க விடையென்பது எம் கருத்து. அவள் பேசின் இடைமறியாது கேட்டலும், பேசாதிருப்பின் வற்புறுத்தாமையும், திருமுறை கேட்க விழையின் பாடுதலும், உறக்கமும் உணவும் நீங்கி நோய் முதிர்ந்தவிடத்துத் தக்க மருத்துவரிடம் அன்போடு ஆற்றுப்படுத்தலும் மடங்களும் அடியார் குழுக்களும் இயற்றக்கூடிய சிவத்தொண்டாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; செவியும் பொறையுமே வேண்டும்.

ஆகலின், உயிர் சார்ந்ததன் வண்ணமாதலின் கொடுஞ்சார்பினால் வந்த புண் உயிரின் இயல்பன்று என்பதூஉம், அது நற்சார்பினால் ஆறும் என்பதூஉம், வினைக்கொள்கை கொடியோர்க்குக் கேடயமாகாது என்பதூஉம், பிறர் வினையை அறிவேம் என்றல் பதியறிவைக் கவர்தலாம் என்பதூஉம், ஆற்றுதல் வீடன்றெனினும் வீட்டிற்குச் செல்வான் கையிலுள்ள விளக்காம் என்பதூஉம் இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்பட்டன. திருநீற்றைக் கையிலேந்தி நின்ற திலகவதியார் திருவுருவம் நம் நெஞ்சில் நிலைபெறுமாயின், புண்பட்டு வருவார்க்கு நாம் கூறத்தக்கது யாதென்பது நமக்குத் தானே விளங்கும்.

சிவம்.